சினிமாவில் கம்ப்யூட்டர் திரை - ஒரு பொய்யின் வரலாறு

ஹாலிவுட் படத்துல ஹீரோவோட நண்பன்னு ஒருத்தர் வருவார். கண்ணாடி போட்டிருப்பார், கையில காபி இருக்கும், மவுஸைத் தொடவே மாட்டார். கீபோர்டுல தடதடன்னு நாலு தட்டு தட்டினதும் பென்டகன் கதவு திறக்கும், பச்சை எழுத்து அருவியா கொட்டும். பொட்டி தட்டி பொழப்பு நடத்துற நம்மள மாதிரி ஆளுங்க எல்லாரும் இதைப் பாத்து ஒரு தடவையாவது சிரிச்சிருப்போம். "டேய், எங்க ஊர்ல ஒரு லாகின் பேஜுக்கே மூணு ஸ்பிரிண்ட் ஆகும்டா"ன்னு :-)

இந்தப் பதிவு அந்தத் திரையில என்ன எழுதியிருக்குங்கறதைப் பத்தி இல்லை. அது எப்படி அங்க போய் உக்காந்துச்சுங்கறதைப் பத்தி. ஏன்னா நீங்க பாக்குற பல படங்கள்ல நடிகர் பாத்தது வெறும் கறுப்புக் கண்ணாடி, இல்லாட்டி பச்சை அட்டை. எழுத்து, படம், வரைபடமெல்லாம் ஆறு மாசம் கழிச்சு வேற ஊர்ல உக்காந்து வேற யாரோ ஒட்டினது. சென்னையில ஒரு விஎஃப்எக்ஸ் கம்பெனியில இந்த ஒட்டுற வேலை பாக்குற நண்பன் ஒருத்தன் எனக்கு இருக்கான். அவன்கிட்ட பேசினதுல பிடிச்ச பைத்தியம்தான் இது. கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் திரை

ஆரம்பம்னு ஒரு இடத்தைச் சொல்லணும்னா நான் 1968-ஐச் சொல்வேன். ஸ்டான்லி குப்ரிக்கோட '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. டிஸ்கவரி விண்கலத்துக்குள்ள ஹால் கம்ப்யூட்டரைச் சுத்தி வரிசையா திரைகள். ஒவ்வொண்ணுலயும் மூணு மூணு எழுத்துல ஒரு தலைப்பு, கோடுகள், எண்கள், வரைபடங்கள். இன்னிக்குப் பாத்தாலும் பழசாத் தெரியாது.

அதுல ஒரு பிக்சல் கூட கம்ப்யூட்டர் வரைஞ்சது இல்லை. இவான் சதர்லேண்ட் 'ஸ்கெட்ச்பேட்'ல திரையில கோடு போட்டுக் காட்டினதே 1963-லதான். அஞ்சு வருஷத்துல அதை சினிமாத் தரத்துக்குக் கொண்டு வர வழியே இல்லை. அதனால டக்ளஸ் ட்ரம்புல் முதலான ஆளுங்க எல்லாத்தையும் கையால வரைஞ்சு, அனிமேஷன் ஸ்டாண்டுல ஃப்ரேம் ஃப்ரேமா ஃபிலிம்ல எடுத்தாங்க. செட்ல ஒவ்வொரு 'மானிட்டர்'க்கும் பின்னாடி 16 எம்எம் ப்ரொஜெக்டர். ஃபிலிம் பின்னாலிருந்து ஓடும், முன்னாடி நடிகர் கம்ப்யூட்டரைப் பாக்குற மாதிரி நடிப்பார். சுருக்கமா சொன்னா, ஒவ்வொரு மானிட்டரும் ஒரு குட்டி டூரிங் டாக்கீஸ்.

டெக்னிக் புதுசு இல்லை. கார் ஜன்னலுக்கு வெளிய ரோடு ஓடுற மாதிரி காட்ட 1930-கள்லயே ஹாலிவுட் இந்த ரியர் ப்ரொஜெக்ஷனைப் பரவலா பயன்படுத்திச்சு. குப்ரிக் டீம் அதையே சின்னதாக்கி மேஜைக்குள்ள வச்சாங்க, அவ்ளோதான்.

ஆனா இதுல ஒரு பெரிய லாபம் இருந்துச்சு. அந்தத் திரைகள் செட்ல நிஜமாவே எரிஞ்சுட்டு இருந்துச்சு. அந்த வெளிச்சம் நடிகர் முகத்துல விழுந்துச்சு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க. இந்தக் கதையோட மையமே இதுதான்.

டேப் ஒட்டின நியூயார்க்

அடுத்து 1977. 'ஸ்டார் வார்ஸ்'ல டெத் ஸ்டாரை எப்படித் தாக்குறதுன்னு பைலட்டுகளுக்கு விளக்குற காட்சி வருமே, அந்தக் கோட்டோவியம் நிஜமான கம்ப்யூட்டர் கிராபிக்ஸ். லாரி கியூபாங்கறவர் சிகாகோவுல இருக்கற இல்லினாய் பல்கலைக்கழகத்துல, டாம் டிஃபான்டி எழுதின 'கிராஸ்'ங்கற மொழியில, பிடிபி-11/45 மெஷின்ல செஞ்சார். அதுலயும் கம்ப்யூட்டர்லேருந்து படத்தை நேரா ஃபிலிமுக்கு மாத்த முடியாது. திரைக்கு முன்னாடி ஒரு சினிமா கேமராவை வச்சு ஃப்ரேம் ஃப்ரேமா போட்டோ எடுக்கணும்.

இது எவ்வளவு செலவு பிடிக்கற வேலைங்கறதுக்கு 1981-ல வந்த 'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்' நல்ல சாட்சி. ஜான் கார்பென்டர் படம். ஹீரோ கிளைடர்ல மன்ஹாட்டனுக்குள்ள இறங்குவார். காக்பிட் திரையில நகரத்துக் கட்டிடங்கள் பச்சைக் கோடா முப்பரிமாணத்துல நகரும். அந்தக் காலத்து ரசிகன் "அடேங்கப்பா, என்ன கம்ப்யூட்டர்!"னு வாயைப் பொளந்திருப்பான். படத்தோட மொத்த பட்ஜெட்டே சுமார் 60 லட்சம் டாலர். அதுல கம்ப்யூட்டருக்கு எங்க போறது? மன்ஹாட்டன் கட்டிடங்களை மினியேச்சரா செஞ்சு, கன்னங்கரேல்னு பெயிண்ட் அடிச்சு, ஓரங்கள்ல ஒளிரும் டேப்பை ஒட்டி, நடுவுல கேமராவை ஓட்டி எடுத்துட்டாங்க. கம்ப்யூட்டரால மாடலைக் காட்ட முடியாத காலத்துல மாடலை வச்சு கம்ப்யூட்டரைக் காட்டியிருக்காங்க. இதை முதல்ல படிச்சப்போ எழுந்து நின்னு கைதட்டணும் போல இருந்துச்சு.

ஓடும் பட்டை

"எதுக்கு இந்த ப்ரொஜெக்டர் வம்பு? ஒரு நிஜ டிவியை வச்சு ஷூட் பண்ண வேண்டியதுதானே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி.

எங்க வீட்டுல தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச கலர் டிவி இருந்துச்சு, 14 இன்ச். சின்ன வயசுல மாமாவோட கேமரா போனை வாங்கி அதுல ஓடுன பாட்டைப் படம் புடிச்சேன். பாட்டைக் காணோம், மேலேருந்து கீழ ஒரு பட்டை ஓடிட்டே இருந்துச்சு. டிவி கெட்டுப் போச்சுன்னு பாட்டி என்னையத் திட்டினாங்க. டிவி கெடலை. அது எப்பவுமே அப்படித்தான் இருந்துச்சு, நம்ம கண்ணுக்குத்தான் தெரியலை.

குழாய் டிவியில முழுப் படமும் ஒரே நேரத்துல இருக்காது. ஒரு எலக்ட்ரான் கதிர் மேலேருந்து கீழ கோடு கோடா வரைஞ்சுட்டே போகும். அமெரிக்காவுல நொடிக்கு சுமார் 60 தடவை, நம்ம ஊர்ல 50 தடவை. சினிமா கேமரா நொடிக்கு 24 ஃப்ரேம். ரெண்டுக்கும் தாளம் ஒத்துப் போகாது. ஷட்டர் திறந்திருக்கற நேரத்துல சில கோடுகள் ரெண்டு தடவை பதிவாகும், சிலது ஒரு தடவை. அந்த வித்தியாசம்தான் பட்டையா தெரியுது.

இதுக்கு ரெண்டு வைத்தியம். ஒண்ணு, ஷட்டர் கோணத்தை மாத்தறது. 24 ஃப்ரேம்ல ஷட்டரை 144 டிகிரி வச்சா ஒவ்வொரு ஃப்ரேமும் சரியா 1/60 நொடி வெளிச்சம் வாங்கும். நம்ம ஊர் 50-க்கு 172.8 டிகிரி, அதாவது 1/50 நொடி. (360-ஆல வகுத்து 24-ஆல வகுத்துப் பாருங்க, சரியா வரும்.) அகலமான பட்டை மெல்லிய கோடா சுருங்கிடும். ஆனா முழுசா ஒழியாது.

ரெண்டாவது வைத்தியம் இன்னும் தடாலடி. கேமராவை டிவிக்கு ஏத்த மாதிரி மாத்தாம, டிவியை கேமராவுக்கு ஏத்த மாதிரி மாத்திட்டாங்க. வீடியோ ப்ளேயர், மானிட்டர் எல்லாத்தையும் பிரிச்சு நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுற மாதிரி திருத்தி, கேமரா ஷட்டரோட பூட்டுப் போட்டு ஓட்டினாங்க. '24 ஃப்ரேம் ப்ளேபேக்'னு இதுக்குன்னே தனி ஆளுங்க, தனித் தொழில் ஹாலிவுட்ல வளர்ந்துச்சு. ஷூட்டிங் ஸ்பாட்ல ஒரு ஓரமா லாரி நிறைய மெஷினோட உக்காந்திருப்பாங்க.

காசு இல்லாதவங்க? 1987-ல ஆரம்பிச்ச 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' டிவி தொடர்ல மைக்கேல் ஒகுடா, கப்பலோட கன்ட்ரோல் பேனல்கள் பெரும்பாலானதை நிறம் போட்ட ஃபிலிம் தாளா செஞ்சு பின்னாடி விளக்கு போட்டுட்டார். நம்ம ஊர் கடை போர்டு டெக்னிக்தான். விலை மலிவு, பட்டை ஓடாது, வெளிச்சமும் முகத்துல விழும்.

ஒரு ஜனாதிபதி நம்பின திரை

இந்த வரலாற்றுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது 1983-ல வந்த 'வார்கேம்ஸ்'. ஒரு ஸ்கூல் பையன் வீட்டு கம்ப்யூட்டர்லேருந்து அமெரிக்க ராணுவ கம்ப்யூட்டருக்குள்ள தெரியாம நுழைஞ்சு, மூணாம் உலகப் போர் வர்ற நிலைமை ஆயிடும்.

அதுல நோராட் கன்ட்ரோல் ரூம் செட்டுக்கு மட்டும் சுமார் 10 லட்சம் டாலர். சுவர் முழுக்க பெரிய பெரிய திரைகள், உலக வரைபடம், ஏவுகணைப் பாதைகள். காலின் கேன்ட்வெல்ங்கறவர் (ஸ்டார் வார்ஸ் எக்ஸ்-விங் கப்பலுக்கு முதல் டிசைன் போட்டவர்) ஹெச்.பி. 9845சி கம்ப்யூட்டர்ல அதையெல்லாம் வரைஞ்சு, ஃபிலிமுக்கு மாத்தி, செட்ல பின்னாலிருந்து ப்ரொஜெக்ட் பண்ணாங்க. கடைசிக் காட்சியில கம்ப்யூட்டர் போருக்கு மேல போர் நடத்திப் பாக்கும்போது, திரையில பளிச் பளிச்னு வெடிக்கற வெளிச்சம் கீழ நிக்கற ஆளுங்க முகத்துல அடிக்கும் பாருங்க... பின்னால ஒட்டி வச்சா அது வராது.

1983 ஜூன் 4-ம் தேதி கேம்ப் டேவிட்ல ரொனால்ட் ரீகன் இந்தப் படத்தைப் பாத்தார். அடுத்த சில நாள்ல தளபதிகள், எம்.பி.க்கள் கூடின ஒரு கூட்டத்துல கதையைச் சொல்லி, இது மாதிரி நிஜமா நடக்குமான்னு முப்படைத் தலைமைத் தளபதி ஜான் வெஸ்ஸியைக் கேட்டார். வெஸ்ஸி விசாரிச்சுட்டு ஒரு வாரம் கழிச்சு வந்து, நிலைமை நீங்க நினைக்கறதை விட மோசம்னு பதில் சொன்னார். 1984 செப்டம்பர்ல என்எஸ்டிடி-145ங்கற உத்தரவு வந்துச்சு. அமெரிக்க அரசு கம்ப்யூட்டர்களோட பாதுகாப்புக்கு ஜனாதிபதி மட்டத்துல வந்த முதல் ஆணை.

திரை மட்டும்தான் காரணம்னு சொல்ல வரலை. கதை, வசனம், கதையாசிரியர்கள் பண்ண ஆராய்ச்சி எல்லாம் இருக்கு. ஆனா அந்த ரூம் அட்டை செட் மாதிரி தெரிஞ்சிருந்தா, ஒரு பழைய நடிகரான ரீகன் (சினிமா செட் எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியாதா!) அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரான்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

இன்னொரு பொய்த்திரை கோர்ட்டுக்கே போச்சு. '2001' படத்துல ரெண்டு பேர் சாப்பிட்டுக்கிட்டே மேஜை மேல இருக்கற தட்டையான பலகைகள்ல டிவி பாப்பாங்க. அதுக்குள்ளயும் இருந்தது ப்ரொஜெக்டர் படம்தான். 2011 ஆகஸ்ட்ல, ஐபேட் டிசைனைக் காப்பியடிச்சதா ஆப்பிள் போட்ட வழக்குல, "இந்த டிசைன் 1968-லயே இருக்கு"ன்னு சாம்சங் அந்தக் காட்சியை அமெரிக்க கோர்ட்ல தாக்கல் பண்ணுச்சு. வேலையே செய்யாத ஒரு சாதனம் 43 வருஷம் கழிச்சு சாட்சி சொல்ல வந்துச்சு!

எல்லாம் பின்னால பாத்துக்கலாம்

1984-ல லூகாஸ்ஃபிலிம்ல இருந்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ரெண்டு பேரும் டிஜிட்டல் படங்களை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குறதுக்கு கணக்கு எழுதி சிக்ராஃப் மாநாட்டுல வெளியிட்டாங்க. ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தோட 'ஆல்ஃபா'ன்னு இன்னொரு எண். அது எவ்வளவு தூரம் பின்னால இருக்கறதை மறைக்குதுன்னு சொல்லும். ஆல்ஃபாவால பெருக்கின முன்படம் + (1 - ஆல்ஃபா) × பின்படம். இந்த ஒரு வரிதான் இன்னிக்கு வரைக்கும் கம்பாஸிட்டிங் உலகத்தோட திருக்குறள். நம்ம பிரவுசர்ல ஒளி ஊடுருவுற பட்டன் வைக்கறப்போ ஓடுறதும் இதேதான்.

1993-ல ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வந்துச்சு. அதே காலத்துல டிஜிட்டல் டொமைன் தன் சொந்த உபயோகத்துக்கு நியூக் எழுதிச்சு. அதே 1993-ல 'ஜுராசிக் பார்க்'. அதுல அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பாத்து "இது யூனிக்ஸ்"னு சொல்றதைக் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. ஆனா அந்த முப்பரிமாண ஃபைல் மேனேஜர் நிஜமான சாஃப்ட்வேர், சிலிக்கான் கிராபிக்ஸ் மெஷின்ல ஓடுன 'எஃப்எஸ்என்'. நாம சிரிச்ச இடம் உண்மை. நாம கவனிக்காம விட்டது வேற: நெட்ரி வீடியோ கால்ல பேசற காட்சியில, அது பதிவு பண்ண வீடியோங்கறதுக்கு சாட்சியா அடியில ப்ளே ஆகிற பட்டை நகர்ந்துட்டே இருக்கும்!

கணக்கு கைக்கு வந்ததும் டைரக்டர்கள் மனசு மாறிடுச்சு. செட்ல திரையை எரிய வச்சு, நடிகர் டைமிங்கும் திரை டைமிங்கும் ஒத்துப் போகாம பத்து டேக் வாங்குறதுக்கு பதிலா, திரையை அணைச்சு எடு, பின்னால ஒட்டிக்கலாம். என்ன எழுதணும்னு எடிட்டிங் முடிஞ்சப்புறம் கூட மாத்திக்கலாம். நம்ம பாஷையில சொன்னா, ரெக்வைர்மெண்ட்டை ரிலீஸுக்கு முந்தின நாள் மாத்தற சுகம் :-)

இங்கதான் என் நண்பன் வர்றான். "ஒரு போன் திரை ஒட்டுறதுக்கு என்னடா கஷ்டம், நாலு மூலையை இழுத்து வச்சா முடிஞ்சுது"ன்னு கேட்டுட்டேன். மனுஷன் ஒரு மணி நேரம் விடலை. அவன் சொன்னதோட சாரம்:

1. நாலு மூலைங்கறது சரிதான், கணக்குப்படி எட்டு எண் தெரிஞ்சா போதும். ஆனா அஞ்சு நொடி ஷாட்ல 120 ஃப்ரேம், 480 மூலைகள். ஒவ்வொண்ணுலயும் அரை பிக்சல் ஆடினாலும் திரை போன் மேல மிதக்குற மாதிரி தெரியும். இதுக்காகத்தான் புள்ளியைத் தொடராம முழுத் தளத்தையும் தொடர்ற மோக்கா மாதிரி சாஃப்ட்வேர் வந்துச்சு. நடுவுல நடிகர் விரல் திரையைத் தாண்டினா, அந்த விரலை ஃப்ரேம் ஃப்ரேமா வெட்டணும். முடி வந்தா அன்னிக்கு வீட்டுக்குப் போக முடியாது.

2. கறுப்பு கறுப்பா இருக்கக் கூடாது. வெளிச்சமான ரூம்ல எந்தத் திரையோட கறுப்பும் முழுக் கறுப்பு இல்லை. எதிர்ல இருக்கற ஜன்னல், சட்டை, சுவர் எல்லாம் கண்ணாடியில மங்கலா தெரியும். புதுசா வேலைக்கு வந்தவங்க ஒட்டுற திரை குழி மாதிரி தெரியும்.

3. திரை ஒரு ஸ்டிக்கர் இல்லை, விளக்கு. போர்ட்டர்-டஃப் வரியை வச்சு மேல ஒட்டினா கண்ணாடியில இருக்கற பிரதிபலிப்பு அழிஞ்சிடும். நிஜத்துல பிரதிபலிப்பும் திரை வெளிச்சமும் ரெண்டும் சேர்ந்துதான் கேமராவுக்கு வருது. அதனால கூட்டணும். பச்சைத் திரை போட்டு எடுத்தா பிரதிபலிப்பும் போச்சு, நடிகர் மூக்குல பச்சை வெளிச்சம் வேற. அணைச்ச கறுப்புத் திரையா எடுத்துக் கொடுத்தா அவன் கும்பிடுவானாம்.

4. கூட்டறதுலயும் ஒரு சூட்சுமம். நம்ம மானிட்டர்ல பாதி அளவு சாம்பல்னு சேமிக்கிற எண், நிஜ வெளிச்சக் கணக்குல பாதி இல்லை, சுமார் 21 சதவீதம்தான். அந்த வளைவைப் பிரிச்சு நிஜ வெளிச்சமா மாத்தி, கூட்டி, திரும்பவும் வளைக்கணும்.

5. அப்புறம் லென்ஸ் வளைவு, ஃபோகஸ், ஃபிலிம் மணல், ஓரத்துல கசியற ஒளி. எல்லாம் பொருந்தணும்.

"இவ்வளவும் பண்ணா என்ன ஆகும்?"னு கேட்டேன். "ஒண்ணும் ஆகாது. யாரும் கவனிக்க மாட்டாங்க. கவனிச்சா நான் சரியா பண்ணலைன்னு அர்த்தம்"னான். சிரிச்சுட்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரலை. ஒருத்தனோட மூணு வார ராத்திரி நம்ம கண்ணுல ரெண்டு நொடி, அதுவும் தெரியாமலே போறதுக்குத்தான்.

வெளிச்சம் திரும்பி வந்த கதை

அவன் கடைசியா சொன்னதுதான் முக்கியம். மேல சொன்ன அஞ்சையும் சரியா பண்ணாலும் ஒரு விஷயம் கைமீறிப் போயிடுது: முகத்துல விழற வெளிச்சம். ராத்திரியில போன் பாக்குறவங்க முகம் நீலமா இருக்கும், ஸ்க்ரோல் பண்ணா மாறும், கண்மணியில ஒரு குட்டிச் சதுரம் தெரியும். செட்ல திரை அணைஞ்சிருந்தா இது எதுவும் இல்லை. யாராவது ஒரு விளக்கைப் பக்கத்துல பிடிச்சிருந்தாதான் உண்டு. நமக்கு ஏன்னு சொல்லத் தெரியாது, "ஏதோ கிராபிக்ஸ் மாதிரி இருக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுவோம்.

சினிமாக்காரங்களும் இதைப் புரிஞ்சுக்கிட்டாங்க. 2010-ல பிபிசி 'ஷெர்லாக்' போன் திரையைக் காட்டறதையே பெரும்பாலும் விட்டுட்டு, எஸ்எம்எஸ் எழுத்தைக் காத்துல மிதக்க விட்டுச்சு. வேற சிலர் பழைய வழிக்கே திரும்பினாங்க. 2013-ல 'கிராவிட்டி'க்கு நடிகரைச் சுத்தி எல்இடி பெட்டி கட்டினாங்க, விண்வெளியோட வெளிச்சம் முகத்துல மாறணும்னு. 2018-ல 'ஃபர்ஸ்ட் மேன்' விண்கல ஜன்னலுக்கு வெளிய ராட்சச எல்இடி திரையை வச்சு எடுத்து, விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கரும் வாங்கிச்சு. 2019-ல 'தி மாண்டலோரியன்' செட்டையே எல்இடி சுவருக்குள்ள வச்சுது. யோசிச்சுப் பாத்தா இது 1968-ல குப்ரிக் மேஜைக்குள்ள வச்ச அதே ப்ரொஜெக்டர்தான், சைஸ் மட்டும் பெருசு.

சரி, இதனால நமக்கென்னன்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. 2002-ல 'மைனாரிட்டி ரிப்போர்ட்'ல டாம் குரூஸ் வெறும் கண்ணாடிக்கு முன்னாடி கையை ஆட்டினார், படங்களைப் பின்னால ஒட்டினாங்க. எம்.ஐ.டி.யிலேருந்து போன ஜான் அண்டர்காஃப்ளர்தான் அந்தக் கையசைவு மொழிக்கு ஆலோசகர். அவர் பிற்பாடு அதை நிஜமாவே செஞ்சு 2010-ல டெட் மேடையில காட்டினார். ஆனா அஞ்சு நிமிஷம் கையைத் தூக்கி வச்சுப் பாருங்க, தோள்பட்டை கழண்டுடும். படத்துல டாம் குரூஸுக்கு எடிட்டர் இருந்தார், நமக்கு இல்லை. இருந்தாலும் எங்க கிளையண்ட் ஒருத்தர் டெமோ வீடியோ ஒண்ணை அனுப்பி "இதே மாதிரி ஸ்மூத்தா வேணும்"னு கேட்டார். அந்த வீடியோவுல ஓடினது சாஃப்ட்வேரே இல்லை, ஒட்டின படம்னு புரிய வைக்க எங்களுக்கு ரெண்டு மீட்டிங் ஆச்சு.

ரீகன் விஷயத்துல பொய்த்திரை ஒரு நல்ல கேள்வியைக் கிளப்பிச்சு. எங்க கிளையண்ட் விஷயத்துல எங்க சனிக்கிழமையைத் தின்னுச்சு. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்: யாரோ ஒருத்தர் பேர் தெரியாம உக்காந்து வெளிச்சத்தைச் சரியாக் கூட்டியிருக்கார். அடுத்த தடவை படத்துல ஒரு திரையைப் பாத்தா, எழுத்தைப் படிக்காதீங்க. பாக்குற ஆளோட கண்ணைப் பாருங்க. அங்க வெளிச்சம் இருந்தா அந்தத் திரை செட்ல எரிஞ்சிருக்கு, இல்லாட்டி யாரோ கஷ்டப்பட்டு அதையும் யோசிச்சிருக்காங்க.

டிஸ்கி: தமிழ்ப் படங்கள்ல உங்க கண்ணுல பட்ட நல்ல திரை, சொதப்பல் திரை ரெண்டையும் பின்னூட்டத்துல போட்டுத் தாக்குங்க. நண்பன்கிட்ட காட்டி மார்க் வாங்கித் தர்றேன்.